காற்றுத்தரப் பலகை: சந்தி வளைவிலிருந்து வாசிகசாலைச் சுவருக்கு

திருகோணமலை நகரில் அனுராதபுரச் சந்தியிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் ஒழுங்கையில், வாசிகசாலைச் சுவரில், முன்பள்ளி வாசலைப் பார்த்தபடி ஒரு காற்றுத்தரக் காட்சிப் பலகை இருக்கிறது. அது எங்கள் பகுதிக்கு வந்து பதினான்கு மாதங்களாகின்றன. என் ஒன்பது வயது மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருப்பதால், இந்தப் பதினான்கு மாதங்களில் அதைப் பார்க்காமல் நான் கடந்துபோன நாட்கள் மிகக் குறைவு. இத்தகைய பலகையைத் தங்கள் பகுதிக்குக் கேட்டுப் பெற எண்ணுபவர்களுக்காகவும், பெற்ற பின் அதை எங்கே வைப்பது என்று யோசிப்பவர்களுக்காகவும் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பலகை வந்தபடியே விடப்பட்டிருந்தால் ஐந்துக்கு இரண்டு புள்ளிகளே கொடுத்திருப்பேன். இடம் மாறி, எழுத்து மாறி, காற்றை அளக்கும் உணரி தனியே பிரித்து வைக்கப்பட்ட பின் நான்கு கொடுக்கிறேன். இடைப்பட்ட அந்த இரண்டு புள்ளிகளையும் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் ஒழுங்கையில் வசிப்பவர்கள் என்பதால், கருவியைப் பற்றிச் சொல்வதைவிட அவர்கள் செய்த வேலையைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

இத்தேவை எங்களுக்குத் தோன்றிய நாளைத் திகதியோடு சொல்ல முடியும். 2022 டிசம்பர் 9 ஆம் திகதி, காற்று மாசு காரணமாக நாடெங்கும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் நிலைகொண்டிருந்த நாட்கள் அவை; வடக்கிலிருந்து வந்த காற்று இந்திய நிலப்பரப்பின் புகையையும் தூசியையும் இலங்கையின் மேல் கொண்டுவந்து சேர்த்தது. கடல் பக்கம் பார்த்தால் திரை தொங்கவிட்டது போன்ற மங்கல் தெரிந்தது. மார்கழிப் பனி என்று எண்ணியே பலர் முற்றத்தில் நின்றார்கள். என் மகன் அன்றிரவு முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சுவிட்டான். செய்திகளில் கொழும்பின் காற்று மாசு எண்ணைச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையின் காற்றைப் பற்றிச் சொல்ல எவரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் பல நகரங்களில் உணரிகளை வைத்து அளவுகளை வெளியிடுகிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அது பெறுமதியான சேவை. ஆயினும் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கே அது எட்டும்; என் அம்மாவுக்கு எட்டாது. வீதியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியவேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு அதுவே காரணம்.

கருவி எளிமையானது. சிறிய விசிறி ஒன்று காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றின் ஊடாக லேசர் ஒளி செல்கிறது. மிதக்கும் துணிக்கைகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவைக் கொண்டு, 2.5 மைக்ரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய நுண்துணிக்கைகள் ஒரு கனமீற்றர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் உள்ளன என்று கணிக்கப்படுகிறது. தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துணிக்கைகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. உணரியோடு ஒரு எல்ஈடி எழுத்துப் பலகையும், இரண்டுக்கும் தொடர்பு தரும் சிம் அட்டையும் சேர்ந்தால் பொருள் முழுமை பெற்றுவிடுகிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உப்புக்காற்றிலும் பெட்டி துருப்பிடிக்கவில்லை, எழுத்துகள் முப்பது மீற்றருக்கு அப்பாலும் தெளிவாகத் தெரிகின்றன.

பலகையை வழங்கியவர்கள் முதலில் அதைச் சந்தி வளைவின் அருகே, பிரதான வீதியைப் பார்த்து, ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரத்தில் பூட்டினார்கள். நாடா வெட்டி, படம் எடுத்து, ஒரு வாரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அதன் பின் எவரும் பார்க்கவில்லை. பிற்பகல் முழுவதும் மேற்கு வெயில் நேரே பலகையில் விழுந்ததால் எழுத்துத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த இடத்தில் அதைப் பார்ப்பவர்கள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் கடந்து செல்பவர்கள் என்பதாகும். எண்ணை வாசித்தாலும் அந்தக் கணத்தில் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உணரியும் அதே பெட்டிக்குள் இருந்ததால் இன்னொரு கோளாறும் சேர்ந்தது. பலகையின் சூடு உணரியின் வெப்பநிலை, ஈரப்பதன் அளவீடுகளைக் குழப்பியது. கீழே பஸ் நிறுத்தம்; பக்கத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை. ஒவ்வொரு மாலையும் ஆறரை மணிக்குப் பின் எண் மளமளவென்று ஏறியது. அதை முதலில் கவனித்தவர் சந்தித் தரிப்பிடத்தில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர். கடை பூட்டியிருக்கும் நாளில் எண் ஏறுவதில்லை என்று அவர் சொன்ன பிறகுதான், நாங்கள் இவ்வளவு நாளும் நகரத்தின் காற்று என்று எண்ணி வாசித்தது ஒரு கடையின் கல்லடுப்புப் புகை என்பது விளங்கியது.

இடத்தை மாற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, வழங்கியவர்கள் மறுக்கவில்லை. கருத்தறியும் கூட்டம் ஒன்றை நடத்துவதாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டது. வந்தவர்கள் ஓய்வுபெற்றவர்களும் உத்தியோகத்தர்களும். முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் தாய்மாரோ, சந்தியில் வேலைக்கு ஆள் கூப்பிடும் லொறிக்காகக் காத்துநிற்கும் கூலித் தொழிலாளர்களோ, கடைக்காரர்களோ ஒருவரும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. கூட்ட அறிக்கையில் “சமூகத்தின் கருத்து பெறப்பட்டது” என்று எழுதப்பட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது. ஒரு பகுதியின் கருத்தைக் கேட்பவர்கள், அந்தப் பகுதி எந்த மணிக்கு வீட்டில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

அடுத்த கூட்டத்தை மாதர் சங்கம் பொறுப்பெடுத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாசிகசாலையில் கூட்டியது. பழைய நாட்காட்டித் தாள்களை ஒட்டி, அவற்றின் பின்புறத்தில் ஒழுங்கைகளையும் வளவுகளையும் வரைந்து தரையில் விரித்தார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் சில புளியங்கொட்டைகளும் சில குன்றிமணிகளும் கொடுக்கப்பட்டன. நாளாந்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்துநிற்கும் இடத்தில் புளியங்கொட்டையையும், புகை மணக்கும் இடத்தில் குன்றிமணியையும் வைக்க வேண்டும். பேசத் தயங்குபவர்களும் கொட்டை வைக்கத் தயங்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் தாளில் இரண்டு குவியல்கள் தெரிந்தன. கறுப்புக் கொட்டைகள் முன்பள்ளி வாசலிலும் சங்கக்கடையின் முன்னாலும் குவிந்திருந்தன. சிவப்பு மணிகள் அங்கே ஒன்றுகூட இல்லை. அவை பின் ஒழுங்கையில், வெறும் வளவு ஒன்றைச் சுற்றி வரிசையாகக் கிடந்தன. பிரதான வீதியில் ஓரிரு மணிகள் மட்டும்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகே எங்களுக்கு ஒரு விடயம் தெளிவானது: பலகையும் உணரியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலகை, மக்கள் நின்று வாசிக்கவும் வாசித்தபின் ஏதாவது செய்யவும் கூடிய இடத்தில் இருக்க வேண்டும். உணரி, அவர்கள் நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்று உள்ள இடத்தில் இருக்க வேண்டும். சிம் அட்டை இருக்கும்போது இரண்டுக்கும் இடையே நூற்றைம்பது மீற்றர் தூரம் ஒரு பொருட்டல்ல. இதை விற்பவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். டில்லியில் 2010 இல் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிக்காகத் தொடங்கப்பட்ட சஃபர் என்னும் காற்றுத்தர முறைமையிலும், அளக்கும் நிலையங்களும் தெருவில் வைக்கப்பட்ட காட்சிப் பலகைகளும் தனித்தனியாகவே திட்டமிடப்பட்டன. ஆகவே இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல.

பலகைக்கு வாசிகசாலைச் சுவர் தெரிவானது. அது வடக்கைப் பார்த்த சுவர். வெயில் நேரே விழாது. எதிரே முன்பள்ளி வாசல், பக்கத்தில் சங்கக்கடை. காலை ஏழரை மணிக்குப் பிள்ளையோடு வரும் தாய், இன்று பிள்ளைகளை வெளி முற்றத்தில் விளையாட விடலாமா என்று அங்கேயே ஆசிரியையிடம் கேட்க முடிகிறது. கண்மட்டத்துக்கு இறக்கி வைக்க வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். நகரத்தில் இரவில் உலாவும் புள்ளிமான்கள் சுவரோரக் குப்பையைக் கிளறக் கூட்டமாக வருவதையும், கம்பிகளிலும் கம்பங்களிலும் கொம்பு உரசுவதையும் எங்கள் பகுதியார் அறிவர். ஆதலால் தரையிலிருந்து இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே பூட்டுவதென்று முடிவாயிற்று.

உணரிக்கு இடம் காண்பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் விதிகள், குடியிருப்புப் பகுதியில் நுண்துணிக்கைகளை அளக்கும் நிலையத்தின் காற்றுவாய் தரையிலிருந்து 2 முதல் 15 மீற்றர் உயரத்திலும், மரக்கிளைகளின் விளிம்பிலிருந்து 10 மீற்றர் தள்ளியும் இருக்க வேண்டும் என்கின்றன. அது பெரிய நிலையங்களுக்கான விதி. எங்களுக்கு வழிகாட்டியாகப் போதுமானதாக இருந்தது. வேப்பமர நிழலில் இருந்த ஒரு வீடு இதனால் தவிர்க்கப்பட்டது. எந்த வீட்டின் அடுப்படிக்கும் மிக அருகில் வைக்கக் கூடாது என்பதைப் பெண்களே நிபந்தனையாக வைத்தார்கள். 2022 இன் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இன்னும் உள்ளன. உணரி ஒரு வீட்டின் புகையைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக மாறிவிட்டால், அதன் பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள். இறுதியில், பின் ஒழுங்கையில் ஒரு வீட்டின் வெயில்மறைப்பு விளிம்பில், மூன்று மீற்றர் உயரத்தில், மூன்று பக்கமும் காற்றோட்டமுள்ள இடம் கிடைத்தது. மின்சாரத்தை அந்த வீட்டார் கொடுக்கிறார்கள். ஒரு சிறிய இரவு விளக்குக்கு ஆகும் அளவுதான் அது எடுக்கிறது.

இனி எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்க எண்ணுபவர்கள் அதிகம் ஏமாறக்கூடிய இடம் இது. பலகை வந்தபோது அமெரிக்கக் காற்றுத்தரச் சுட்டெண்ணைக் காட்டியது. சுட்டெண் என்பது அளக்கப்பட்ட பொருளன்று. அளவை ஒரு நாடு தன் விதிப்படி மாற்றி எழுதும் குறி. ஒரு கனமீற்றரில் 40 மைக்ரோகிராம் நுண்துணிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுட்டெண்ணில் அது 112 ஆகி, செம்மஞ்சள் நிறம் எரியும். இந்தியச் சுட்டெண்ணில் அதே காற்று 66 அளவில் நின்று, திருப்திகரம் என்று பெயர் பெறும். இலங்கையில் 2008 இல் வர்த்தமானியில் வெளியான நியமப்படி 24 மணித்தியாலச் சராசரி 50 வரை அனுமதிக்கப்படுவதால், அது எல்லைக்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்தச் சராசரி 15 ஐத் தாண்டக் கூடாது. அதன்படி இது இரண்டரை மடங்குக்கும் மேல். ஒரே காற்றுக்கு நான்கு தீர்ப்புகள். ஆகவே பலகையில் சுட்டெண்ணை எடுத்துவிட்டு, மைக்ரோகிராம் அளவையே காட்டும்படியும், அதன் கீழே உலக சுகாதார நிறுவனத்தின் 15 ஐயும் இலங்கை நியமத்தின் 50 ஐயும் நிலையாக எழுதி வைக்கும்படியும் கேட்டோம். இந்தத் திருத்தத்தை அவர்கள் ஒரு வாரத்துக்குள் செய்து தந்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த நியமங்கள் 24 மணித்தியாலச் சராசரிக்கு உரியவை என்பதையும், பலகையில் ஓடுவது கடந்த சில நிமிடங்களின் அளவு என்பதையும் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் சருகு கொளுத்தினால் எண் 100 ஐத் தாண்டி, கால் மணித்தியாலத்தில் மீண்டும் இறங்கும். அதைப் பார்த்து நாள் முழுவதும் நஞ்சு என்று பயப்படுவதும் தவறு. இறங்கிய எண்ணைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணுவதும் தவறு. இப்போது எங்கள் பலகையில் இரண்டு வரிகள் உள்ளன: மேல்வரி இந்த மணித்தியாலத்துக்கு, கீழ்வரி நேற்றைய முழுநாளுக்கு. இந்த இரண்டாவது வரியைக் கேட்டுப் பெறாமல் எவரும் பலகையை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

மொழி விடயத்தில் எனக்குக் கோபமே வந்தது. மும்மொழிப் பலகை என்றார்கள். தமிழ் வரி “உணர்திறன் குழுக்களுக்கு ஆரோக்கியமற்றது” என்று எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்த எவரும் தம்மை அந்தக் குழுவில் சேர்த்து எண்ணவில்லை. கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, வந்திருந்த தொழில்நுட்ப உதவியாளரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “தம்பி, இலக்கம் படிச்ச ஆக்களுக்கு இருக்கட்டும். யன்னலைத் திறக்கிறதா சாத்துறதா, அதைச் சொல்லுங்கோ எங்களுக்கு.” அதிலிருந்தே புதிய வாசகங்கள் பிறந்தன. எண் தாழ்ந்திருக்கும்போது “யன்னலைத் திறக்கலாம்” என்றும், நடுவில் இருக்கும்போது “முட்டு உள்ளவர்கள், சிறுபிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர் வெளியில் அதிக நேரம் நிற்க வேண்டாம்” என்றும், உயர்ந்திருக்கும்போது “யன்னலைச் சாத்தவும், பிள்ளைகளை உள்ளே வைத்திருக்கவும்” என்றும் இப்போது வரி ஓடுகிறது. சிங்கள வரியை, ஒழுங்கையில் வசிக்கும் சிங்களக் குடும்பத்தினர் அதே பொருளில் எழுதிக் கொடுத்தார்கள். நிறத்தை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் திறந்த யன்னல், மூடிய யன்னல் ஆகிய இரண்டு படங்களும் சேர்க்கப்பட்டன. வாசிக்கத் தெரியாத என் இளைய மகனும் அதைப் பார்த்து வந்து வீட்டில் சொல்கிறான்.

பலகை எங்களுக்குச் சொன்ன மிக முக்கியமான செய்தி, நாங்கள் எதிர்பார்த்ததாக இருக்கவில்லை. புகை என்றால் கண்டி வீதி லொறிகளே என்று நானும் எண்ணியிருந்தேன். உணரி இடம் மாறி ஒரு மாதம் ஆனபோது, எண் உச்சத்துக்குப் போவது காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் என்று தெரிந்தது. முற்றம் கூட்டிச் சருகைக் குவித்து, அதோடு பொலித்தீன் பையையும் சேர்த்து நெருப்பு வைக்கும் நேரம் அது. அந்த வேளையில் காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று தொடங்கும் வரை புகை ஒழுங்கைக்குள்ளேயே தங்கும். குன்றிமணிகள் கிடந்த வெறும் வளவும் அந்த நெருப்புகள் மூட்டப்படும் இடம்தான். மூக்கு முன்பே அறிந்திருந்ததைக் கருவி உறுதிப்படுத்தியது.

ஆனால் இங்கே அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது என்பதை மாரிகாலம் கற்றுத்தந்தது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழை பெய்து சருகெல்லாம் நனைந்து கிடக்க, எங்கும் நெருப்பு இல்லாத விடியற்காலைகளிலும் எண் 60 ஐத் தாண்டியது. காரணம் ஈரப்பதன். மாரிகாலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிந்து நிற்பதை அறியாதவர் இல்லை; ஈரப்பதன் 75 சதவீதம் அளவைத் தாண்டும்போது உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்கிறது. கடற்காற்றில் மிதக்கும் உப்புத் துணிக்கைக்கும் அதுவே நடக்கிறது. நீரை ஏற்று ஊதிப் பெருத்த துணிக்கை அதிக ஒளியைச் சிதறடிக்க, மலிவான உணரி அதை அதிகப் புகை என்று வாசித்துவிடுகிறது. ஆய்வுத்தரக் கருவிகள் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்தபின் அளப்பதால் இந்தத் தவறு அவற்றில் குறைவு. பர்ப்பிள் ஏர் என்னும் உணரிகளின் எண்ணைத் தன் தீ மற்றும் புகை வரைபடத்தில் சேர்ப்பதற்கு, அமெரிக்க முகவரகம் ஈரப்பதனைக் கணக்கில் எடுக்கும் திருத்தச் சூத்திரம் ஒன்றைப் பயன்படுத்துகிறது. எங்கள் பலகைக்கும் அத்தகைய திருத்தம் ஒன்று பின்னர் சேர்க்கப்பட்டது. விடியற்காலை எண்கள் அதன்பின் நம்பக்கூடியவையாகத் தெரிகின்றன. எனினும் கீழைக்கரையின் உப்புக்காற்றுக்கு வேறொரு நாட்டில் கண்ட சூத்திரம் எவ்வளவு பொருந்தும் என்பதை, ஆய்வுத்தரக் கருவி ஒன்றின் அருகில் எங்கள் உணரியைச் சில வாரங்கள் வைத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். அது செய்யப்படவில்லை. நான் ஒரு புள்ளியைப் பிடித்துவைத்திருப்பது இதற்காகவே. கரையோர நகரங்களில் பலகை வாங்குபவர்கள், பணம் செலுத்தும் முன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

திருத்தத்தின் பின்னும் காலைப் புகையின் உச்சம் மறையவில்லை. சற்றுத் தாழ்ந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றிக் கூட்டத்தில் பேசியபோது எவருடைய பெயரும் சொல்லப்படவில்லை. கஞ்சல் எரிக்காதே என்று பலகையில் எழுத வேண்டும் என்ற யோசனையும் கைவிடப்பட்டது; குப்பை வண்டி ஒழுங்காக வராத ஒழுங்கையில் அதை எழுதுவது நியாயமன்று என்று மாதர் சங்கத் தலைவி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். சருகைத் தென்னம்பாத்திக்குள் போட்டு மூடுவது, பொலித்தீனைத் தனியே கட்டிவைத்து வண்டி வரும் நாளில் கொடுப்பது, வண்டி வரும் நாளைப் பலகையின் கடைசி வரியில் ஓடவிடுவது என்ற மூன்றும் செய்யப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் அந்தக் கடைசி வரியைத்தான் இப்போது அதிகம் பேர் வாசிக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதம் ஒருமுறை வந்து, எண்கள் எழுதிய கொப்பியைப் பார்க்கிறார்.

எதிர்ப்பும் இருந்தது. விருந்தினர் விடுதி நடத்தும் அயலவர் ஒருவர், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையான பயணிகள் பருவத்தில் சந்தி முகப்பில் சிவப்பு எரிந்தால் யார் வந்து தங்குவார்கள் என்று கேட்டார். அந்தக் கவலையை இலேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கச்சான் காற்று உள்நாட்டிலிருந்து வறண்டு வீசி வீதித் தூசியைக் கிளப்புவதும் இதே மாதங்களில்தான். ஆவணி, புரட்டாதியில் சிறுபோக அறுவடைக்குப் பின் வயல்களில் வைக்கோல் எரிந்தால் அந்தப் புகையும் அக்காற்றோடு நகருக்கு வரும். ஆகவே சிவப்பு எரியும் நாட்கள் உண்டு, மறைக்க முடியாது. ஆனால் கடற்காற்று ஏறிய பிற்பகல்களில் எண் 15 க்குக் கீழே இறங்குவதையும் அதே பலகை காட்டுகிறது. அவர் இப்போது அந்த மணித்தியாலங்களைத் தன் விருந்தினருக்குச் சொல்கிறார் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

பராமரிப்புச் சேவை இந்தத் திட்டத்தின் பலவீனமான பகுதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் இதுவரை ஒருமுறையே வந்தார்கள். உணரியின் காற்றுவாயில் சிலந்தி கூடு கட்டியபோது எண் பத்து நாட்கள் அசையாமல் நின்றது. நல்ல காற்று என்று நம்பி நான் என் மகனை மாலையில் விளையாட விட்ட நாட்கள் அவை. தொலைபேசியில் பலமுறை அழைத்தும் பதில் கிடைக்காததால், வாசிகசாலை இளைஞர்களே தூரிகையால் துடைத்துச் சரிசெய்தார்கள். எண் நீண்ட நேரம் மாறாமலிருந்தால் பலகை தானாக “அளவு இல்லை” என்று காட்ட வேண்டும். பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தச் சிறிய ஏற்பாடு இல்லாத பலகை, பலகை இல்லாததைவிட ஆபத்தானது என்று ஒரு தாயாக நான் சொல்வேன்.

மின்வெட்டைப் பற்றி நீண்டு சொல்லத் தேவையில்லை. சிறிய மின்கலம் ஒன்று போதும், எங்களுக்குக் கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் முன் உள்ள வேலை உணரியை மாற்றுவது. இவ்வகை மலிவான லேசர் உணரிகளுள் ஒன்றான எஸ்டிஎஸ்011 க்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயுள் ஏறத்தாழ 8000 மணித்தியாலங்கள். இடைவிடாது இயங்கினால் ஒரு வருடத்துக்கும் குறைவு. எங்களுடையது சில நிமிடம் இயங்கிச் சில நிமிடம் ஓய்வதால் இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது. புதிய உணரியை வழங்கியவர்கள் அனுப்பிவிட்டார்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன் இரண்டையும் அதே வெயில்மறைப்பு விளிம்பில் இரண்டு வாரங்கள் அருகருகே ஓடவிட்டு, எண்களை ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானித்து அவர்களுக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும் வரை புதிய உணரி, பிரிக்கப்படாத பெட்டியில், வாசிகசாலை அலுமாரியில் இருக்கும்.